அஞ்சுக்கு அஞ்சு போட்ட அத்தைக்கு

நான் என்றும் வணங்கும் அத்தைக்கு,

நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. போனில் பேசினால் போதாதா என்று இருந்துவிட்டேன். இப்போது போன் போட்டால் எடுக்க ஆளில்லை என்ற பிறகு கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாலு பேர் படிக்கிற மாதிரிதான் எழுதுகிறேன். உங்களைப் பற்றி நாலு பேர் முன்னால் நான் தவறாகப் பேசியிருப்பதால், அதைத் திருத்துவதும் நாலு பேர் முன்னால்தான் நடக்க வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி உங்கள் மகள் மலர்விழியின் பீரோவில் இருக்கிறது. ஆனால் கூடத்து விளக்கு மட்டும் நேற்றுச் சாயங்காலமும் தானாக எரிந்து, தானாக மஞ்சளாகி, தானாக மங்கியிருக்கிறது. காலையில் என் போனுக்கு வழக்கமான செய்தி வந்தது: "இரவில் நடமாட்டம் இல்லை. உறக்கம் நன்று." நீங்கள் போய் மூன்று மாதம் ஆகப்போகிறது, அத்தை.

என் வேலை என்னவென்று உங்களுக்குச் சரியாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. அரூர் சந்தையில் யாராவது கேட்டால், "மாப்ள பெங்களூர்ல லைட்டு கம்பெனியில பெரிய வேலையில இருக்காரு" என்பீர்களாம். பல்பு விற்கிறேன் என்றுதான் பாதிப் பேர் நினைத்திருப்பார்கள். நான் செய்வது வேறு. ஒரே விளக்குக்குள் வெள்ளை எல்இடியும் மஞ்சள் எல்இடியும் சேர்ந்திருக்கும். இரண்டையும் கூட்டிக் குறைத்தால், காலையில் வானம் வெளுத்த மாதிரி வெள்ளையும் பொழுது சாய்ந்ததும் இதமான மஞ்சளும் கிடைக்கும். உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அதைச் சரிப்படுத்துவது கண்ணில் படுகிற வெளிச்சம். ராத்திரியும் வெள்ளை வெளிச்சத்திலேயே உட்கார்ந்திருந்தால் உடம்பு இன்னும் பகல் என்று நினைத்துத் தூக்கத்தைத் தள்ளிப்போடும். எந்த நேரத்துக்கு எந்த வெளிச்சம், எவ்வளவு வெளிச்சம், கண் கூசாமல் எப்படித் தருவது என்று வடிவமைப்பதுதான் என் பிழைப்பு.

இதில் எதுவும் பொய்யில்லை. இன்றைக்கும் நம்புகிறேன்.

மாமா தவறிய பிறகு உங்களுக்குத் தூக்கமில்லை என்று மலர் அழுதாள். "அம்மா ராத்திரியெல்லாம் முழிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்குதுங்க, ஏதாச்சும் பண்ணுங்க" என்றாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. என் வித்தைக்கு வேலை வந்துவிட்டதே. அடுத்த வாரமே கார் நிறைய சாமான் ஏற்றிக்கொண்டு வந்து, கூடத்திலும் சமையலறையிலும் பழைய டியூப்லைட்டைக் கழற்றிவிட்டுப் புது விளக்கு மாட்டினேன். ஆள் நடமாட்டத்தை அறிகிற கருவியையும் சுவர் மூலையில் வைத்தேன். நீங்கள் சமையலறைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் இருக்கும்போது நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

போகும்போது ஒரு காரியம் செய்தேன். சுவரில் இருந்த சுவிட்சின் மேல் டேப் ஒட்டினேன். சுவிட்சை அணைத்தால் விளக்குக்கும் என் போனுக்கும் தொடர்பு அறுந்துவிடும். "இதைத் தொடவே கூடாதுங்க அத்தை, எல்லாம் தானா நடக்கும்" என்றேன். "சரிங்க மாப்ள" என்றீர்கள். உங்கள் வீட்டு விளக்கைப் போடவும் அணைக்கவும் உங்களுக்கு இருந்த உரிமையை ஒரு முழ டேப்பில் பிடுங்கிக்கொண்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போன். எங்கள் துறையில் விளக்கை மாட்டினால் போதாது, அதன் கீழே இருப்பவர்களைக் கேட்க வேண்டும். கண்ணுக்கு எப்படி இருக்கிறது, ஐந்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வோம். உங்களையும் கேட்டேன்.

"அஞ்சே போட்டுக்குங்க மாப்ள. ரொம்ப நல்லா இருக்குதுங்க."

"சும்மா சொல்லாதீங்க அத்தை. கொஞ்சமாச்சும் கொறை இருக்குமில்ல?"

"என்னாங்க கொறை? கோயிலாட்டம் இருக்குது வூடு."

எல்லா வாரமும் அஞ்சுக்கு அஞ்சு. எந்தப் பரீட்சையிலும் நான் அப்படி வாங்கியதில்லை. ஊரெல்லாம் சுற்றி, கேள்வி கேட்பதையே தொழிலாக வைத்திருப்பவனுக்கு, மாப்பிள்ளையிடம் குறை சொல்ல முடியாத ஒரே ஆளைப் பிடித்துக் குறை கேட்கிறோம் என்று உறைக்கவில்லை. மாப்பிள்ளை வாங்கி வந்த இனிப்பு ஊசிப்போயிருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்கிற ஊர் நம்முடையது. அந்த ஊரில் பெண் எடுத்தவன்தானே நான்?

அந்த மாசிமாதம் நீங்கள் கொடுத்தனுப்பிய புளி ஞாபகம் இருக்கிறதா? வரப்போரத்து மரத்துப் புளி, நீங்களே ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, நார் உருவி வைத்தது. ரசத்தில் எனக்கு ஒரு ஓட்டுத் துண்டு கடிபட்டது. உடனே போன் போட்டேன். "என்னாங்க அத்தை, மாப்ளைக்குப் பல்லு இருக்கறது புடிக்கலையா? கண்ணு டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டலாமா?" என்று கிண்டல் செய்தேன். நீங்கள் சிரித்தீர்கள். "வயசாச்சில்லைங்க" என்றீர்கள்.

வயசாகிவிட்டதுதான். வயதான கண்ணுக்கு இளவட்டத்தைவிடக் கூடுதல் வெளிச்சம் வேண்டும் என்று மேடை போட்டுச் சொல்கிறவன் நான். மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் புளியை வைத்துப் பார்த்தால் கொட்டை எது, ஓடு எது, சதை எது? எல்லாம் ஒரே பழுப்பு. அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். நான் உங்கள் கண்ணைக் குறை சொன்னேன்.

அடுத்த முறை வந்த புளி பளிச்சென்று இருந்தது. ஒரு நார் இல்லை. விளக்கு பழகிவிட்டது என்று முடிவு கட்டினேன். அதோடு என் போனில் வந்த வரைபடமும் சேர்ந்துகொண்டது. பொழுது சாய்ந்ததும் உங்கள் கூடத்தில் நடமாட்டம் நின்றுவிடுகிறது. விடியற்காலை வாசல் தெளிக்கும் நேரம்வரை ஒரு கோடு நேராக ஓடுகிறது. தூக்கமே இல்லாதவர் குழந்தை மாதிரி தூங்குகிறார் என்று கம்பெனியில் சொன்னேன். பெங்களூரில் ஒரு கருத்தரங்கில் உங்கள் புகைப்படத்தைப் போட்டு, அந்தக் கோட்டையும் போட்டு, கைத்தட்டல் வாங்கினேன். எந்த நேரத்துக்கு விளக்கு மஞ்சளாகி மங்க வேண்டும் என்று உங்கள் வீட்டில் வைத்த நேரக்கணக்கையே முதியவர்களுக்கான அமைப்பாகக் கம்பெனி எடுத்துக்கொண்டது.

அந்தக் கோட்டைத்தான் நீங்கள் போன பிறகு மறுபடி பார்த்தேன், அத்தை. கருமாதி முடிந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்த மறுநாள் செய்தி வந்தது: "உறக்கம் நன்று." கருவிக்குச் சாவு தெரியாது என்று நினைத்து அழிக்கப் போனேன். சும்மா பழைய ராத்திரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நீங்கள் இருந்த ராத்திரியும் நீங்கள் இல்லாத ராத்திரியும் ஒன்றுபோல இருந்தன. எழுபது வயதைத் தாண்டியவர் ராத்திரியில் ஒரு தடவைகூட எழுந்திருக்காமல், தண்ணீர் குடிக்காமல், கொல்லைப்பக்கம் போகாமல் தூங்குவாரா? வருஷம் முழுக்க?

மலரிடம் சொல்லாமல் ஊருக்கு வந்தேன். தருமபுரியில் பஸ் மாறி, அரூரில் இறங்கி, உங்கள் வீட்டைத் திறக்காமல் நேராக எதிர்வீட்டு ராஜம்மா அக்காவிடம் போனேன். அவர் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"அக்கா, அத்தை ராத்திரியில எங்க படுத்துக்கிட்டு இருந்தாங்க?" என்று கேட்டேன்.

அவர் முறத்தையே பார்த்தார். "இப்ப எதுக்குங்க அதெல்லாம்? போன மனுசி..."

"சொல்லுங்க அக்கா."

"இங்கதாங்க. பொழுது எறங்குனா எங்க வூட்டுக்கு வந்துருவாங்க. எங்க டியூப்லைட்டுலதான் புளி தட்டுறது, கல்லு பொறுக்கறது எல்லாம். அந்த மஞ்ச லைட்டுல ஒண்ணும் தெரியலையாம். ராத்திரியில ஒண்ணுக்குப் போவ எந்திரிச்சா தானா எரியுதாம். யாரோ போட்ட மாதிரி இருக்குது ராஜி, ஒடம்பே நடுங்குதுன்னு சொல்லுவாங்க. நாந்தான் இங்கயே படுத்துக்கக்கான்னேன்."

"நான் போன் பண்ணும்போது டிவி சத்தம் கேட்டுச்சே? உங்க வூட்டு டிவி அங்க வரைக்கும் கேக்குதுன்னு சொன்னாங்களே?"

"டிவி முன்னாடிதாங்க ஒக்காந்துக்கிட்டு இருப்பாங்க. ஞாயித்துக்கெழம ஆனா, மாப்ள போன் வரும், சத்தத்தக் கொறைங்கன்னு எல்லாரையும் அதட்டுவாங்க."

நான் ஒரு வருஷமாக உங்களை உங்கள் வீட்டைவிட்டு விரட்டியிருக்கிறேன். சொந்த வீடு, சொந்தக் கூடம், மாமா கட்டிய சுவர். அதில் பகலில் மட்டும் குடியிருந்துவிட்டு, பொழுது சாய்ந்தால் தலையணையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். நான் அதற்கு வரைபடம் போட்டிருக்கிறேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா. நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்?"

ராஜம்மா அக்கா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "நாங்கூட சொன்னேங்க. அதுக்கு அக்கா என்ன சொன்னாங்கன்னா... தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஒண்ணு சொல்லப்போயி, மாப்ள எம் பொண்ண ஒரு வார்த்த சொல்லிட்டாருன்னா? எனக்கு வெளிச்சம் பெருசா, எம் பொண்ணு பெருசா? அப்பிடின்னாங்க."

அத்தை, உங்களுக்கு என்மேல் மரியாதை என்றல்லவா நினைத்திருந்தேன்? பயமா?

பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க எனக்குள் வழக்காடிக்கொண்டே வந்தேன். நான் குடிக்கிறவனில்லை, கை நீட்டுகிறவனில்லை, சீர் செனத்தி கேட்டவனில்லை. ஊரில் என்னைப்போல ஒரு மாப்பிள்ளை உண்டா என்று என் தரப்புக்கு நானே வக்கீல். எதிர்த்தரப்பில் பேச ஆளில்லாததால் வழக்கு எனக்குச் சாதகமாகவே போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மலரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. உங்கள் சாவுக்கு வந்த அத்தனை பேரிடமும் அவள் சொல்லி அழுதது ஒன்றே ஒன்றுதான்: "எங்கம்மா கடைசியில நிம்மதியா தூங்குனாங்க, இவருதான் அதுக்குக் காரணம்." அதைப் பிடுங்கிவிட்டால் அவளுக்கு என்ன மிச்சம் இருக்கும்? வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுகூட நினைத்தேன். ஆனால் தருமபுரிக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் உங்கள் நேரக்கணக்கை வைத்தே விளக்கு மாட்டும் வேலை தொடங்கியிருந்தது. ஒரு கூடத்தில் மாட்டியாகிவிட்டது. மீதியும் வந்துவிட்டால், எதிர்வீட்டுக்கு ஓட முடியாத கிழவிகளும் கிழவர்களும் அந்த மஞ்சள் இருட்டில் கிடக்க வேண்டியதுதான். நான் வாயைத் திறந்தால் கம்பெனியில் என் பெயர் போகும், வீட்டில் மலரின் ஆறுதல் போகும்.

முதலில் மலரிடமே சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

"எனக்குத் தெரியுங்க," என்றாள். "பொங்கலுக்குப் போனப்ப அம்மா சொல்லுச்சி. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிடுச்சி."

"அப்புறம் எதுக்குடி எல்லார்கிட்டயும் அப்படிச் சொன்ன?"

"தூக்கம் வந்தது நெசந்தானே? ராஜம்மாக்கா வூட்டுல பேசிக்கிட்டு, சிரிச்சிக்கிட்டு, நல்லாத்தான் தூங்குச்சி. நீங்க அந்த லைட்ட மாட்டலன்னா அம்மா அங்க போயிருக்காது. பொய் ஒண்ணும் சொல்லல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் ஒரு வீட்டையே மறைத்திருக்கிறீர்கள். "நீயாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே, மலர்?" என்றேன்.

"சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டீங்க. பாடம் நடத்தியிருப்பீங்க. கண்ணு இப்பிடி, மூள இப்பிடி, உங்கம்மாவுக்குப் பழகணும்னு. அப்புறம் ரெண்டு நாளு பேச மாட்டீங்க."

"நான் எப்ப அப்படிப் பேசாம இருந்தேன்?"

அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உட்கார்ந்து யோசித்தேன். கல்யாணமான புதிதில் உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி வாங்கி மாட்டினேனே? "தண்ணி சப்புன்னு இருக்குதுங்க மாப்ள, கெணத்துத் தண்ணி ருசி வரல" என்று நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, "உங்க வூட்டு ஆளுங்களுக்கு நல்லது பண்ணாத் தெரியாது" என்று மலரிடம் சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அது உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. அதற்குப் பிறகு நீங்கள் எனக்கு எந்தக் குறையும் சொன்னதில்லை. அத்தனை வருஷமும் அதை நான் உங்கள் நல்ல குணம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெட்கமாக இருக்கிறது, அத்தை. விளக்கு தப்பாகப் போனதற்கு வெட்கப்பட்டால் அது தொழில் வெட்கம், நாலு நாளில் ஆறிவிடும். எனக்குப் பயந்து ஒரு வீடே பேச்சை அளந்து பேசியிருக்கிறது, அது தெரியாமல் நான் அங்கே மகாராஜாவாக உட்கார்ந்து வாழையிலையில் சாப்பிட்டிருக்கிறேன். இது ஆறுமா என்று தெரியவில்லை.

கம்பெனியில் சொன்னேன். வரைபடத்தைப் போட்டு, "இந்தக் கோடு தூக்கமில்லை, ஆளில்லாத வீடு" என்றேன். மேலதிகாரி தனியாகக் கூப்பிட்டு, விளக்கு நல்ல விளக்குதானே, இதை எதற்குக் கிளறுகிறாய் என்றார். நல்ல விளக்குதான் சார், கீழே யாரும் இல்லை என்றேன். வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என்னை அதிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. போன வாரம் அந்த இல்லத்துக்கு என் சொந்தச் செலவில் போனேன்.

சாயங்காலம், கூடத்து விளக்கு மஞ்சளாகிற நேரம். கட்டிலில் ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் கேட்கவில்லை, பாலக்கோட்டுப் பக்கம் என்றார். "வெளிச்சம் எப்படிங்க இருக்குது?" என்றேன். "நல்லா இருக்குதுங்க சார்" என்றார். அதே குரல், அத்தை. அதே அஞ்சுக்கு அஞ்சு. பக்கத்தில் இல்லத்துக்காரர் நின்றிருந்தார். அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நான் தரையில் உட்கார்ந்தேன்.

"பெரியம்மா, இந்த லைட்ட மாட்டச் சொன்னவன் நான்தான். எங்க அத்தை வூட்டுல மாட்டி, அவங்கள வூட்ட வுட்டே வெரட்டிட்டேன். அவங்க ஒரு வார்த்த சொல்லாமயே செத்துப் போயிட்டாங்க. நீங்களாச்சும் சொல்லுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். விளையாடுகிறேனா என்று பார்த்திருப்பார். பிறகு ஆரம்பித்தார்.

"ஏம்பா, உனக்கெல்லாம் அறிவிருக்குதா? பொழுது எறங்குனா சோத்துல என்ன கெடக்குதுன்னு தெரியல. மாத்தரை செவப்பா வெள்ளையான்னு தெரியல. பக்கத்துக் கட்டில்காரி மூஞ்சி தெரியல. கெழவிங்கன்னா கோழி அடைக்கிற மாதிரி அடைச்சிருவியா? படுக்கற நேரத்துக்கு மங்குச்சின்னா சரி, சாப்புடற நேரத்துக்கு எதுக்குடா மங்குது? போட்டா எரியோணும், அணைச்சா அணையோணும். அது எங்க கையில இருக்கோணும். கேக்குதா?"

கேட்கிறது என்றேன். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இருட்டும்வரை திட்டு வாங்கினேன். ஒவ்வொன்றும் நியாயம். ஒரு திட்டுக்கும் நான் விளக்கம் சொல்லவில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அத்தை. இந்த வேலை என்னிடம் இருந்தாலும் போனாலும், இனி எந்த வீட்டிலும் "நல்லா இருக்குதுங்க" என்ற சொல்லை வாங்கிக்கொண்டு கிளம்ப மாட்டேன். அந்த வீட்டில் குரல் தாழ்த்திப் பேசுகிறவர் யாரோ, அவர் வாய் திறந்து திட்டும்வரை உட்கார்ந்திருப்பேன். முதலில் என் வீட்டிலேயே தொடங்கியிருக்கிறேன். நேற்று மலர் என்னைத் திட்டினாள், சின்ன விஷயத்துக்குத்தான். திட்டிவிட்டு, பாதியில் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை அவளுக்கு மறக்கும்வரை எனக்கு வேறு வேலை இல்லை.

ஒரே ஒருமுறைகூட உங்களிடம் திட்டு வாங்கக் கொடுத்துவைக்காத,
உங்கள் மூத்த மாப்பிள்ளை